மே மாச வெயில்ல ராமேஸ்வரம்: சின்னப் பிள்ளைங்களோட கூரைக்குக் கீழே எங்கே போகலாம்?

கோவை மருமகள்:
மே இரண்டாவது வாரம் குடும்பத்தோட கார்ல ராமேஸ்வரம் வர்றோம். மாமியாருக்கு 22 தீர்த்தமும் ஆடணும்னு வேண்டுதல். அவங்களும் வீட்டுக்காரரும் கோயில்ல இருக்கிறப்ப நாலு வயசுப் பொண்ணையும் ஒன்றரை வயசுப் பையனையும் நான்தான் வச்சுக்கணும். பையனுக்கு வெயில் பட்டாலே உடம்பெல்லாம் வேர்க்குரு பூத்துடும். அதனால தனுஷ்கோடியை இந்தத் தடவை விட்டாச்சு. நல்ல வெயில் நேரத்துல உள்ளே உட்கார்ந்து பிள்ளைங்க பார்க்கிற மாதிரி இடம் இருக்கா? மண்டபம்கிற ஊர்ல மீன் காட்சியகம் இருக்குன்னு ஒருத்தர் சொன்னாங்க. இவ்வளவு சின்னதுங்களுக்கு அது சரிப்படுமா? அந்தப் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க.

ராம்நாடு ரயிலடி:
ராமேஸ்வரம் தீவுலயே பேய்க்கரும்புல கலாம் நினைவிடம் இருக்கு. 2017 ஜூலையில திறந்தது. ராக்கெட், ஏவுகணை மாதிரிகள், அவர் வீணை வாசிக்கிற சிலை எல்லாம் இருக்கு. உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டாங்க. பொண்ணு ரசிப்பா, பையனுக்கு ஒன்னும் புரியாது. லீவு நாள்னா சுற்றுலா பஸ் வந்து குவியும், பார்த்துக்கங்க.

மண்டபம் பால்வாடி டீச்சர்:
தாயி, மண்டபத்துக்குத் தாராளமா வாங்க. நான் இந்த ஊருதான், பால்வாடியில வேலை பார்த்து ஓய்வு வாங்கினவ. அப்ப பால்வாடிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன், இப்ப பேத்தியைக் கூட்டிப்போறேன்.

நீங்க கேள்விப்பட்டது மண்டபம் முகாம்ல, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல இருக்கிறது. தலைக்கு மேல சுறா நீந்துற கண்ணாடிக் குகையெல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஆராய்ச்சி நடக்கிற இடம் அது. 1947-ல ஆரம்பிச்ச நிலையம், கொச்சிக்கு மாறுற வரைக்கும் தலைமையகமே இங்கதான் இருந்துச்சு. கடல் விரால்ங்கிற பெரிய மீனோட குஞ்சை நம்ம நாட்டுலயே முதல்ல பொரிக்க வச்சதும் இங்கதான், 2010-ல. மக்கள் பார்க்கிறதுக்குன்னு தொட்டிகள் வச்சிருக்காங்க, அவ்வளவுதான். பாட்டுச் சத்தம் கிடையாது, கண்ணைக் குத்துற கலர் விளக்கு கிடையாது. ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிஞ்சு இந்தக் கரையில வேற இல்லை.

ஒன்னு மட்டும் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். எல்லாத் தொட்டியையும் காட்டிடணும்னு இழுத்துக்கிட்டு ஓடாதீங்க. ஊர்ல இருந்து வர்றவங்க பாதிப்பேர் வாசல்ல நுழைஞ்சு, விறுவிறுன்னு ஒரு சுத்து சுத்திட்டு, "பார்த்தாச்சுல்ல, வா"ன்னு பிள்ளை கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க. அந்தப் பிள்ளை அப்பத்தான் பாறை இடுக்குல ஒரு மீனைக் கண்டுபிடிச்சிருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஒரே தொட்டி முன்னாடி உட்கார விடுங்க. என் பேத்தி கோமாளி மீன் தொட்டியை விட்டு நகரவே மாட்டா. அந்த மீன், பூ மாதிரி இருக்கிற கடல் சாமந்திங்கிற உயிரியோட இழைக்குள்ள புகுந்து, மூஞ்சியை மட்டும் வெளியே நீட்டும், உடனே உள்ளே இழுத்துக்கும். இவ, "அவங்க வீடா அம்மாச்சி?"ன்னு கேட்பா. வேற மீன் போய் உரசினா அந்த இழை கொட்டிப்புடும், இதோட மேல இருக்கிற வழவழப்புதான் இதைக் காப்பாத்துதுன்னு சொன்னேன். ராத்திரி சோறு ஊட்டுறப்ப அதையே அவ தாத்தாவுக்குப் பாடமா எடுத்தா.

அஞ்சாலைன்னு பாம்பு மாதிரி ஒரு மீன், அது இருந்தா மட்டும் கொஞ்சம் கவனம். பொந்துல இருந்து தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். கடிக்க வருதுன்னு பிள்ளைங்க அலறிடும். அது அப்படித்தான் மூச்சு விடும், வாய் வழியாத் தண்ணியை இழுத்துச் செவுளுக்கு அனுப்புது. "நீயும் அது மாதிரி வாயைத் திறந்து மூடு பார்ப்போம்"னு பொண்ணுகிட்டச் சொல்லுங்க. பால்வாடிப் பிள்ளைங்க அத்தனையும் வரிசையா நின்னு அஞ்சாலையாட்டம் வாயைப் பிளந்தது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்புறம் ஒருத்தரும் பயப்படலை.

கண்ணாடியைத் தட்ட விடாதீங்க. தண்ணியில அந்த அதிர்வு மீனுக்கு உடம்பெல்லாம் தெரியும்.

வெளியே கண் கூசுற வெயில்ல நின்னுட்டுச் சட்டுனு உள்ளே போனா, சின்னவனுக்கு இருட்டாத் தெரிஞ்சு அழுவான். வாசல் நிழல்ல கொஞ்சம் நின்னுட்டு நுழைங்க. கிளம்புறதுக்கு முன்னாடி திறந்திருக்கான்னு போன் போட்டுக் கேட்டுக்கங்க, அரசாங்க இடம் பாருங்க. வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணியைத் தடவி விடுங்க, மே மாசம் ரோட்டோரம் எங்கேயும் கிடைக்கும். சின்னவனுக்குத் தின்னக் கொடுத்தா நல்லா மசிச்சுக் கொடுங்க, முழுசாக் கொடுத்தா வழுக்கித் தொண்டையில அடைச்சுக்கும்.

தீவுக்காரன்:
அக்கா, கோயில் மூணாம் பிரகாரத்தை யாருமே சொல்லலையே. 1212 தூண், முழுக்கக் கூரை, காத்து சும்மா பிச்சிக்கிட்டு வரும். என் பையன் தூண் தூணா ஒளிஞ்சு விளையாடித்தான் வளர்ந்தான். தீர்த்தம் ஆடினவங்க ஈரத்துணியோட நடக்கிற பக்கம் மட்டும் தரை வழுக்கும், பையனை இறக்கி விடாதீங்க. மத்தியானம் 1 மணிக்கு நடை சாத்தினா 3 மணிக்குத்தான் திறப்பாங்க.

கோவை மருமகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டீச்சர்ம்மா, நாங்க தங்குறது ராமேஸ்வரத்துல, கோயில்கிட்ட. அங்கிருந்து பாலம் தாண்டித் திரும்ப மண்டபம் வரணுமே, சின்னவனோட அவ்வளவு தூரம் அலைய முடியுமா? தள்ளுவண்டி கொண்டு வரலாமா?

மண்டபம் பால்வாடி டீச்சர்:
எதுக்குத் தாயி திரும்ப வர்றீங்க? கோவையில இருந்து கார்ல வந்தா பாலத்துக்கு முன்னாடியே மண்டபம் வந்துடும். வர்ற வழியிலயே இறங்கிப் பார்த்துட்டுப் போங்க, மாமியாரும் கூட இருப்பாங்க, சின்னவனைக் கை மாத்திக்கலாம். தீர்த்தத்தை மறுநாள் விடியக்காலையில ஆடிடச் சொல்லுங்க, வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடும். அந்த நேரத்துக்குத் தம்பி சொன்ன பிரகாரமே உங்களுக்குப் போதும்.

பாலத்து மேல எல்லாரும் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்ப்பாங்க. நீங்க இறங்காதீங்க, ஓரமா லாரி உரசிக்கிட்டுப் போகும், காத்தும் பிள்ளையைத் தள்ளும். கார்க்குள்ள இருந்தே காட்டுங்க.

தள்ளுவண்டி வேண்டாம், மணல்ல சக்கரம் புதைஞ்சிடும். தொட்டியும் அவன் கண்ணு உயரத்துக்கு இருக்காது. இடுப்புல வச்சுக்கங்க.