கதவுச் சத்தத்துக்கு இன்னும் நடுங்குகிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். வயது 36, மதுரை. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து கதவை உதைப்பார். நானும் தங்கையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போதும் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் நெஞ்சு படபடக்கும், அன்று தூக்கம் போச்சு. போன வாரம் மகன் தட்டைக் கீழே போட்டதற்குக் கத்திவிட்டேன். அவன் முகத்தில் என் பழைய பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு மருத்துவர் ‘பழசை மறந்துடுங்க’ என்று தூக்க மாத்திரை தந்தார். (மறக்க முடிந்தால் ஏன் வரப்போகிறேன்?) ஆனால் 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஏஸ் ஆய்வு, சிறுவயதுக் கொடுமைகள் கூடக்கூட பிற்காலத்தில் மனச்சோர்வும் கூடுவதைக் காட்டியதாம். 14416 டெலி மானஸில் (அரசின் இலவச மனநல உதவி எண்) பேசினேன், நேரில் ஆலோசனை எடுக்கச் சொன்னார்கள்.

இஎம்டிஆர் (கண்ணை இருபுறமும் அசைத்தபடி பழைய அதிர்ச்சி நினைவை ஆற்றும் சிகிச்சை) அல்லது சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) தமிழிலேயே எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை அமர்வு, செலவு எவ்வளவு? அப்புறம், எட்டு வயது மகனிடம் இதை எப்படிச் சொல்வது?