பார்ட்டுலா நத்தைய திரும்ப காட்டுல விடறாங்களே, ஓநாய் நத்தை இன்னும் அங்கதானே இருக்கு?

மழைத்துளி:
பசிபிக் கடல்ல இருக்கிற தஹிதி, மூரியா தீவுகளோட பார்ட்டுலா நத்தை பத்தி ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன், மனசே ஆறல. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், மரத்துல வாழுது, முட்டை போடாம ஒவ்வொண்ணா குட்டி போடுது. 1967ல தஹிதிக்கு ஆப்பிரிக்க ராட்சச நத்தைய சாப்பாட்டுக்குன்னு கொண்டு வந்து, அது தப்பிச்சு தோட்டம் பூரா மேய, அத அடக்க 1970கள்ல ஃப்ளோரிடாவோட ரோஸி ஓநாய் நத்தைய இறக்கினாங்க, அது ராட்சசன விட்டுட்டு இந்த சின்னதுங்கள தின்னு தீர்த்துடுச்சு. மிஞ்சினத ஜூல வளர்த்து 2015லேர்ந்து திரும்ப விடறாங்க. தின்னது அங்கயே இருக்கும்போது மறுபடி அதேதானே நடக்கும்?

கிளைநுனி:
நியாயமான பயம்தாங்க. 1994ல மூரியாவுல வேலி கட்டி உள்ள விட்டுப் பார்த்தாங்க, அதுக்குள்ளயும் ஓநாய் நத்தை புகுந்துடுச்சு. வாய்கிட்ட மீசை மாதிரி நீண்டிருக்கிற உதட்டால சளித்தடத்த தடவிக்கிட்டே பின்னாடி போய் பிடிக்கும், மத்த நத்தைய விட வேகம் வேற. ஆனா இரை தீர்ந்ததும் அதோட எண்ணிக்கையும் நல்லா சரிஞ்சிடுச்சு, பழைய கூட்டம் இப்ப இல்ல. அந்த இடைவெளியிலதான் விடறாங்க. நியூ கினியா தட்டைப்புழுன்னு இன்னொரு எதிரியும் வந்திருக்கு, அதையும் மறந்துடக்கூடாது.

இலைச்சருகு:
தஹிதியில பார்ட்டுலா ஹயாலினாங்கற வெள்ளை ஓட்டு வகை காட்டுலயே எப்படியோ தப்பிச்சிருக்கு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆளுங்க ரொம்ப குட்டியான ஒளி சென்சார ஓநாய் நத்தை ஓட்டுலயே ஒட்டி அளந்தாங்க, அந்த ஆய்வு 2021ல வெளியாச்சு. ஹயாலினா இருக்கிற காட்டு ஓரத்துல வெயில் பல மடங்கு அதிகம், அந்த வெயில ஓநாய் நத்தையால தாங்க முடியல. வெள்ளை ஓடு வெளிச்சத்த திருப்பி அனுப்பிடறதால ஹயாலினாவுக்கு அங்க சூடு ஏறாது.

மழைத்துளி:
அட, இது தெரியாது! அப்ப எல்லா வகையையும் காட்டு ஓரத்துலயே விடலாமே?

இலைச்சருகு:
முடியாதுங்க. கருப்பு, பழுப்பு ஓட்டு வகைங்க அந்த வெயில்ல வெந்துடும், அதுங்களுக்கு நிழலும் ஈரமும் வேணும், ஓநாய் நத்தை இருக்கிறதும் அங்கதான்.

ஓட்டுவீடு:
காட்டுல ஆபத்துன்னு ஜூலயே வச்சிருக்கறதும் பத்திரம் இல்லைங்க. ராயதேயா தீவோட பார்ட்டுலா டர்ஜிடாவோட கடைசி நத்தை 1996 ஜனவரியில லண்டன் ஜூலதான் ஒட்டுண்ணி நோய்ல செத்துச்சு, அந்த இனமே அதோட போச்சு. எத்தன பேர் எத்தன வருஷம் பாத்துப் பாத்து வளர்த்தாலும் ஒரு நோய் வந்தா முடிஞ்சுது. அதனால கொஞ்சம் செத்தாலும் பரவாயில்லன்னு விட்டுத்தான் ஆகணும், என் கருத்து இதுதான். விடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டுலயும் சிவப்பு பெயின்ட் புள்ளி வைப்பாங்க, ராத்திரி புற ஊதா டார்ச் அடிச்சா மின்னும். 2024ல மூரியாவுல பார்ட்டுலா டொஹிவியானா வகையில புள்ளியே இல்லாத வளர்ந்த நத்தைய கண்டுபிடிச்சாங்க.

மழைத்துளி:
புள்ளி இல்லன்னா அந்தக் காட்டுலயே பொறந்து வளர்ந்ததுன்னுதானே அர்த்தம்? படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சுங்க. ரொம்ப நன்றி.