கல்யாணத்தை ‘நடத்தி வைத்தவர்’ யார்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரிசல்மண்

போன ஆவணியில் தங்கை கல்யாணம் எங்கள் வீட்டு மாடியிலேயே நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. அப்பாவின் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தலைமை தாங்கினார். மாப்பிள்ளை உறுதிமொழியைத் தாளைப் பார்த்து வாசித்தார். தங்கை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் கம்மி, மைக்கை அவரிடமே கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப வாங்கிச் சொல்லி முடித்தாள். மாலை மாற்றிக்கொண்டார்கள். தாலி வேண்டாம் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். பெரியம்மா மட்டும் கடைசிவரை ஒரு மஞ்சள் கயிற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவு செய்யப் போனோம். பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, படம், சாட்சிகள் எல்லாம் சரி. ‘நடத்தி வைத்தவர்’ என்ற இடத்தில்தான் வண்டி நின்றது.

“ஐயர் பேர் என்ன?”

“ஐயர் இல்லைங்க, வாத்தியார்.”

“அதைத்தாங்க நானும் கேக்குறேன். எந்தக் கோயில் வாத்தியார்?”

“கோயில் இல்லைங்க. அரசு மேல்நிலைப் பள்ளி.”

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கோயில் ரசீது இல்லை, மண்டப ரசீதும் இல்லை. தாலி கட்டுகிற படமாவது இருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகு சார்பதிவாளர் வெளியே வந்து, படங்களைப் புரட்டிவிட்டு, “சுயமரியாதைக் கல்யாணமா? இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவு. எழுதிக்குங்க” என்று ஒரே வரியில் முடித்தார்.

உங்களுக்கு இந்த இடத்தில் என்ன நடந்தது?

பூட்டு ஊர்க்காரன்

எங்கள் கதை நேர்மாறு. முறைப்படி முருகன் கோயிலில் கல்யாணம். கோயில் அலுவலகத்தில் கேட்ட எல்லாக் காகிதமும் கொடுத்தோம். இதுதான் முதல் திருமணம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றுகூட வாங்கினோம். கோயிலில் முத்திரை போட்டு ஒரு ரசீது தந்தார்கள். அதுதான் திருமணச் சான்றிதழ் என்று நம்பி, லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டேன். என் புத்தி அப்படி.

வேலைக்கு வெளிநாடு போய், மனைவியை அழைத்துக்கொள்ள விசா போடும்போதுதான் அது வெறும் ரசீது என்று தெரிந்தது. தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை போகலாம். நாங்கள் போனது எழுநூற்றுச் சொச்சம் நாள் கழித்து. அப்புறம் இந்து திருமணச் சட்டம் 8ஆம் பிரிவின் கீழ்ப் பதியலாம் என்று ஒருவர் வழி சொன்னார்.

அதற்கும் நடத்தி வைத்த குருக்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அன்றைக்கு நாலைந்து கல்யாணம் நடந்தது, எங்களுக்கு யார் மந்திரம் சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், தாலி கட்டும் படத்தில் என் தோளுக்குப் பின்னால் தெரிந்த பாதி முகத்தைக் கோயிலில் காட்டிக் கேட்டேன். அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். பஸ் பிடித்துப் போனேன். நல்ல மனிதர், சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

உப்பளக்காற்று

கிறிஸ்தவக் கல்யாணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கறார். 1872ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. பாதிரியார்கள் தங்கள் சபை முறைப்படி நடத்தலாம். மற்றபடி ஊழியக்காரர் என்றால் அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தி வைப்பவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது.

என் சித்தப்பா மகள் போன சபை சின்னது. போதகர் தங்கமானவர், ஆனால் உரிமம் கிடையாது. அதை அவரே முதல் நாளே சொல்லிவிட்டார் என்பதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. உரிமம் உள்ள இன்னொரு போதகரை ஏற்பாடு செய்தோம். எங்கள் பழைய ஊர்ச் சபையில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பார்கள், ஆட்சேபம் இருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம். இங்கே அந்தப் பரபரப்பு இல்லையே என்று நினைத்தேன். வேறு ரூபத்தில் வந்தது.

அந்தச் சட்டப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில்தான் நடத்த வேண்டும். சில சபைக் குருமாருக்குத் தனி அனுமதி உண்டு, எங்களவருக்கு இல்லை. ஐந்தரைக்கு என்று பத்திரிகையில் போட்டிருந்தோம். ஒப்பனை முடிந்து பெண் வெளியே வந்தது 6.25க்கு. போட்டோக்காரர் வாசலில் நிறுத்தி, “தங்கச்சி, இன்னொரு தடவை நடந்து வாம்மா” என்கிறார். போதகர் பீடத்திலிருந்து கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறார். பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, 6.50க்கு வாக்குறுதி வாங்கினார். பிரசங்கம் முடிய எட்டு ஆனது, அதற்குச் சட்டத்தில் நேரக் கட்டுப்பாடு இல்லை போலிருக்கிறது!

காயல்

முஸ்லிம்கள் எங்களில் பெண்ணின் வலீ (பெண் சார்பில் நிற்கும் பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) எவ்வளவு என்று சபையில் சொல்வது, இரு பக்கச் சம்மதம். அப்புறம் ஜமாஅத் தப்தரில் (பதிவேட்டில்) கையெழுத்து. என் நிக்காஹ்வை நடத்த வேண்டிய ஹஜ்ரத் வருகிற ரயில் தாமதம், பெரிய மாமாவே குத்பா (திருமண உரை) ஓதி நடத்தி வைத்தார். செல்லுமா என்று ஒருவர் கேட்டதற்கு, “காஜி வந்துதான் ஆக வேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை” என்றார் மாமா. 1880ஆம் ஆண்டு காஜிகள் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

சிறுவாணித் தண்ணி

நான் இந்து, அவர் கிறிஸ்தவர். எங்களிடமும் பலர் ‘பேசாமல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளுங்கள்’ என்றார்கள். 7ஏ பிரிவு இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான். எங்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி.

இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த பிறகு இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். எங்கள் அறிவிப்பு, ஏல அறிவிப்பு ஒன்றுக்கும் அலுவலக நேரத்துக்கும் நடுவில் இருந்தது. நான்காம் நாளே யாரோ பார்த்துவிட்டு என் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள். பத்திரம் எழுத வந்த தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும். அந்த முப்பது நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் தனிக் கதையாகிவிடும். பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் ஆட்சேபம் கொடுக்க முடியாது. வயது, ஏற்கெனவே திருமணம், தடை செய்யப்பட்ட உறவு போன்ற சட்டக் காரணம் வேண்டும். அப்பாவிடம் அது எதுவும் இல்லை, கோபம் மட்டும்தான் இருந்தது. அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதால் நாங்கள் 31ஆம் நாளே போய் நின்றோம்.

மூன்று சாட்சிகள் தேவை. மூன்றாவது ஆள் வண்டி பஞ்சராகி வழியில் நிற்கிறான். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணன், தோளில் துண்டோடு, கல்லாவிலிருந்து ஆதாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “நம்ம கையெழுத்துல இதுவரைக்கும் பதினோரு ஜோடி” என்றார். அலுவலர் முன்னால் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும், நமக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம். நான் தமிழில் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. அலுவலர் கண்ணாடியை இறக்கி, “சிரிக்காம இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார்.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பதிவை நாங்கள் ‘எழுத்து’ என்று சொல்வோம். விவாகப் பதிவாளர் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார், இரண்டு சாட்சிகள், கையெழுத்து, பலகாரம். அக்காவுக்கு எழுத்து முடிந்து ஏழு மாதத்துக்குப் பிறகுதான் தாலிகட்டு. கனடா அலுவல்களுக்காக முதலில் எழுதினார்கள். சட்டப்படி அத்தான் அன்றைக்கே கணவர்தான். ஆனால் இருட்ட முதல் அவரைப் படலை (வெளிவாசல் கதவு) வரை கூட்டிக்கொண்டு போய் வழியனுப்பிவிட்டுத்தான் அம்மம்மா உள்ளே வந்தா.

கறுப்புக் கோட்டு

வழக்கறிஞன் என்பதால் சில விஷயம். 7ஏவில் முக்கியமான சொல் ‘அல்லது’. உற்றார், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லலாம், அல்லது மாலையோ மோதிரமோ அணிவிக்கலாம், அல்லது தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய திருமணம் செல்லாது என்று சொல்லியிருந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த திருத்தம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் நடந்தவற்றுக்கும் சேர்த்து. ஆக, கரிசல்மண் வீட்டுக் கல்யாணத்தில் மஞ்சள் கயிறு பையிலேயே இருந்ததால் ஒரு குறையும் இல்லை.

வழக்கறிஞர் அறையில் நடத்தினால் செல்லாது என்று 2014இல் ஒரு தீர்ப்பு வந்து எங்களைப் படுத்தியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தொழில்முறையில் இல்லாமல் நண்பராக நின்று நாங்களும் நடத்தி வைக்கலாம். அதே உச்ச நீதிமன்றம் 2024இல் இன்னொன்றும் சொன்னது: இந்து திருமணத்தில் சடங்கோ முறையோ எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது திருமணமே ஆகாது. விசாவுக்காக ‘முதலில் பதிந்துவிடுங்கள் சார், கல்யாணம் தையில்’ என்று என்னிடம் மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். ஒரு மாலையாவது மாற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

தலைமை தாங்குபவர்களுக்கு ஒன்று. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைத்தவருக்கும் இரண்டாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அது குழந்தைத் திருமணம் அல்ல என்று நம்பக் காரணம் இருந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். வாத்தியாரிடம் சொல்லிவையுங்கள்.

கரிசல்மண்

சொல்லிவிட்டேன். மொத்தத்தையும் வாசித்துக் காட்டினேன். உச்ச நீதிமன்றம் வந்த இடத்தில் கொட்டாவி விட்டார், கடுங்காவல் வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன வாரம் அவரிடம் படித்த பையன் ஒருவன் தாம்பாளத்தோடு வந்திருந்தான். தையில் கல்யாணம், ஐயாதான் தலைமை தாங்க வேண்டுமாம். வாத்தியார் அவனை உட்கார வைத்து, காபி கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் விசாரித்துவிட்டுக் கையை நீட்டினார்.

“ரெண்டு பேர் டிசியும் கொண்டு வந்தியாடா?”