1965 மஸ்டாங் கன்வெர்டிபிள், 11,500 டாலர்: வாங்கலாமா?

பரமத்தி ரோடு:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகனில் கேன்டனில் இருக்கிறேன். ஜாக்சன் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் 1965 ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் (துணிக்கூரையை மடக்கும் வகை) விற்பனைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தில் உள்ளதை அப்படியே தருகிறேன்: சிவப்பு, 289 வி8 (289 கன அங்குல, எட்டு சிலிண்டர் என்ஜின்), ஆட்டோமேடிக், 1989-இல் கொட்டகைக்குள் போனது, நிறுத்தியபோது நன்றாக ஓடியது, மேலோட்டமான துரு மட்டும், அடித்தளம் கெட்டி. விலை 11,500 டாலர். பத்துப் படம் போட்டிருக்கிறார்கள், ஒன்றுகூட அடியிலிருந்து எடுத்தது இல்லை.

என்னைப் பற்றி: அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் கிடந்தேன். ரிவெட் அடிப்பேன், தகடு வளைப்பேன், கேஸ் வெல்டிங் ஓரளவு வரும். இங்கே வந்த பிறகு சின்ன மிக் வெல்டர் ஒன்று வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெட்டி வரை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. கார் விலையையும் சேர்த்து 25,000 டாலர், மூன்று வருடம் என்பது என் கணக்கு. மனைவி சம்மதித்துவிட்டார். ஒரே நிபந்தனை, பனிக்காலத்தில் வெளியே நிற்கப்போவது என் வண்டிதான், அவருடையது இல்லை.

என்ஜின் வேலைக்குப் பயமில்லை. இந்த மாடலைக் கழற்றிப் பூட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை போகிறேன், எதை முதலில் பார்க்க வேண்டும்?

பழைய ஸ்பேனர்:

தம்பி, என்ஜினைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பானட்டைத் திறக்கும் முன்னால் ஒரு பழைய பாயை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுங்கள். அங்கேயே பாதி விலை தெரிந்துவிடும்.

நாமக்கல் பட்டறை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். லாரியில் சேஸிஸ் தனியாக வரும், அதன்மேல் நீங்கள் பாடி கட்டுவீர்கள். பாடி உளுத்துப்போனால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு கட்டலாம், சேஸிஸுக்கு ஒன்றும் ஆகாது. மஸ்டாங்கில் அப்படித் தனி சேஸிஸ் கிடையாது. மடித்து ஒட்டிய தகடுகள்தான் சேஸிஸ், அவையேதான் பாடியும். ஒரு தீப்பெட்டியை எடுத்து முறுக்கிப் பாருங்கள், முறுக்காது. உள்ளே இருக்கும் தட்டை மட்டும் உருவி முறுக்குங்கள், நெளிந்துவிடும். கன்வெர்டிபிள் அந்தத் தட்டு.

கூரையை எடுத்ததால் போன பலத்தை ஃபோர்டு தரையில் ஈடுகட்டியது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிக்கு ராக்கர் என்று பெயர். கன்வெர்டிபிளில் அதன் உள்தகடு மற்ற மாடல்களில் இருப்பதைவிடத் தடிமன். ராக்கரும் முன் ரெயிலும் (முன்பக்கத்து நீளப் பெட்டிச் சட்டம்) சேரும் மூலையில் டார்க் பாக்ஸ் என்ற முறுக்கைத் தாங்கும் பெட்டி, தளத்துக்கு அடியில் கூடுதல் தகடு. 1964 ஏப்ரலில் இந்த வண்டி வெளிவந்தபோது கூரை உள்ளது 2,368 டாலர், கன்வெர்டிபிள் 2,614. கூரையைக் கொடுக்காமல் 246 டாலர் அதிகம் வாங்கினார்கள் என்று நண்பர்களிடம் கிண்டலாகச் சொல்வேன். அந்தக் காசில் ஒரு பகுதி இந்தத் தகடுகளில் இருக்கிறது. நம் மிச்சிகனில் துரு முதலில் தின்பதும் இவற்றைத்தான். டெட்ராய்ட் ஊருக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கமே இருக்கிறது, பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்புக்கு எங்கே பஞ்சம்?

என் கதையைக் கேளுங்கள். 2014-இல் ஒஹாயோவில் டொலீடோ பக்கத்தில் ஒரு 65 கன்வெர்டிபிள் வாங்கினேன், 6,800 டாலர். "அடித்தளம் கெட்டி" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கார்பெட்டைத் தூக்கினால் தார். தாரைச் சுரண்டினால் பாப் ரிவெட். ரிவெட்டைப் பிடுங்கினால் பச்சையாக ஏதோ தெரிகிறது. முழுசாக எடுத்துத் திருப்பிப் பார்த்தால் நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகையிலிருந்து வெட்டிய துண்டு, வெள்ளை எழுத்தில் அரைகுறையாக ஓர் ஊர்ப்பெயர். யாரோ ஒரு பட்டறைக்காரர் அதைத் தளமாக வைத்துக் காசும் வாங்கியிருக்கிறார்! அந்தத் துண்டு இன்னும் என் கராஜ் சுவரில் தொங்குகிறது.

அதற்குப் பிறகு நான் செய்த தப்பு அதைவிடப் பெரியது. வண்டியை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஏற்றி, உற்சாகத்தில் இரண்டு பக்க ராக்கரையும் ஒரே வாரத்தில் அறுத்தேன். திங்கட்கிழமை காலையில் கதவைச் சாத்தினால் மேல்முனை பின்தூணில் இடிக்கிறது. நடுவில் கிட்டத்தட்ட பத்து மில்லிமீட்டர் தொய்ந்துவிட்டது. நிமிர்த்த எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கதவு வாசலில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்ட் செய்துவிட்டு, அப்புறம்தான் அறுக்க வேண்டும். அதுவும் ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம், டார்ச், ஜாக்கி, ஒரு குடம் தண்ணீர் கொண்டு போங்கள். காந்தம் ராக்கரிலும் பின்சக்கர வளைவிலும் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் எதற்கு என்றால், முன்கண்ணாடிக்குக் கீழே சல்லடை மாதிரித் துளைகள் இருக்கும் இடத்துக்குக் கவுல் என்று பெயர். அறுபது வருட இலைச்சருகு அதற்குள் ஊறிக் கிடக்கும். மெதுவாக ஊற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். சொட்டினால் கவுல் ஓட்டை. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டையே எடுக்க வேண்டும். எனக்குப் பிடிக்காத வேலை அது.

அடுத்து, முன்ரெயிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பும்வரை தூக்குங்கள். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இழுத்துப் பிடித்தாலோ அந்த ராக்கர் வெறும் பெயின்ட்.

கடைசியாக, விளம்பரத்தில் 289 வி8 என்று இருக்கிறதே, சக்கரத்தில் எத்தனை போல்ட் என்று எண்ணுங்கள். தொழிற்சாலையில் வி8 போட்ட வண்டிக்கு ஐந்து, ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு. இடதுபக்க உள்மட்கார்டின் விளிம்பில் அடித்திருக்கும் நம்பரையும் படியுங்கள். 5 என்றால் 65, அடுத்த எழுத்து எஃப் என்றால் ஃபோர்டின் டியர்பார்ன் ஆலையில் செய்தது, 08 கன்வெர்டிபிள். 07 என்று இருந்தால் எவரோ கூரையை அறுத்த வண்டி, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அதற்கடுத்த எழுத்துதான் என்ஜின்: டி (T) என்றால் ஆறு சிலிண்டர், சி, ஏ, கே மூன்றும் 289. கதவில் இருக்கும் தகட்டை நம்பவேண்டாம், கதவு எந்த வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம்.

பட்ஜெட் பற்றி: என் வண்டி 2021-இல் முடிந்தபோது, வாங்கிய விலையும் சேர்த்து 33,000. பெயின்ட் மட்டும் 9,000. மூன்று வருடம் என்று நானும்தான் சொன்னேன்.

ட்ராய்வாசி:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 33,000 டாலருக்கும் ஏழு வருடத்துக்கும் பதிலாக, வேறொருவர் முடித்துவைத்த வண்டியை அதே காசுக்கு வாங்கி அடுத்த வாரமே உட்டுவர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பில் ஓட்டலாமே? நான் அப்படித்தான் வாங்கினேன். அரிசோனா வண்டி, லாரியில் ஏற்றி வரவழைத்தேன். தளம் இன்றும் தொழிற்சாலைப் பெயின்ட்டோடு இருக்கிறது. வெயிலில் டாஷ்போர்டு பேடும் சீட்டும் பிளந்து போயிருந்தன, அவற்றை மாற்ற ஒரு மாதம்கூட ஆகவில்லை. பட்டறையில் வளர்ந்தவருக்கு இது பிடிக்காது என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வைகைக்கரை:

என் வீட்டுக்காரரின் வண்டி ஆறு வருடமாக கராஜில் பலகை மேல் நிற்கிறது, அதனால் உங்கள் மனைவியின் நிபந்தனையை முழுமனதாக ஆதரிக்கிறேன்!

டைட்டிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரிதான் அதுவும். 1989-இலிருந்து கொட்டகையில் கிடக்கும் வண்டி என்றால் டைட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று போனிலேயே கேளுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசு முதலில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் (இங்கே வண்டிப் பதிவு அங்கேதான்) அதை முடிக்கட்டும், பணம் அப்புறம். ஸ்பேனர் சொன்ன அந்த நம்பரும் டைட்டிலில் உள்ள நம்பரும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. வண்டி முடிந்த பிறகு ஹிஸ்டாரிக் பிளேட் (பழைய வண்டிக்கான நம்பர் பிளேட்) வாங்கிக்கொள்ளலாம். மிச்சிகனில் 26 வருடம் ஆன வண்டிக்குக் கொடுப்பார்கள். ஆனால் அந்த பிளேட்டோடு தினமும் ஆபீசுக்குப் போக முடியாது. அணிவகுப்பு, கார் காட்சி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான், ஆகஸ்ட் மாதம் மட்டும் விதிவிலக்கு.

பரமத்தி ரோடு:

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகத் தண்ணீர்க் குடத்துக்கு.

விற்பவர் எண்பது வயதுப் பாட்டி. வண்டி கணவருடையது. டைட்டிலைப் போன வருடமே தன் பெயருக்கு மாற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நான் அடியில் படுத்திருந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன தெரிகிறது, என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நம்பர் 5எஃப்08டி என்று ஆரம்பிக்கிறது. சக்கரத்தில் நான்கு போல்ட். பானட்டுக்குள் இருப்பது மட்டும் நிஜமாகவே 289. நான் விழிப்பதைப் பார்த்துப் பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: கணவர் 1978-இல் அடிபட்ட ஒரு ஃபோர்டு ஃபேர்லேன் காரிலிருந்து கழற்றி, இதே கொட்டகையில் மச்சினனோடு சேர்ந்து மாட்டினாராம். விளம்பரம் எழுதியது பேரன், அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

கவுலில் ஊற்றி இருபது எண்ணுவதற்குள் வலதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் சொட்டியது. பின்சீட்டுக்குள் எலிக்கூடு. இடதுபக்கம் ஜாக்கி போட்டால் கதவு இடைவெளி மாறவில்லை, வங்கிப் பெட்டகம் மாதிரி மூடியது. வலதுபக்கம் தூக்கியதும் கதவு பூட்டில் உட்காரவே இல்லை. காந்தம் வலது ராக்கரில் ஒரு முழ நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. நல்லவேளை, மடக்குக் கூரையின் இரும்புக் கம்பிகள் நேராக இருக்கின்றன, துணி மட்டும் கந்தல்.

எல்லாவற்றையும் பாட்டிக்கு டார்ச் அடித்துக் காட்டினேன். பேரம் பேசக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் 6,500 என்றேன். அவர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, "முடிந்த பிறகு ஒரு தடவை என்னை ஏற்றிக்கொண்டு போவாயா?" என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை ஃப்ளாட்பெட் லாரியில் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஸ்பேனர் அண்ணா, இந்த நான்கு போல்ட் விஷயத்தில் என்ன செய்வது? அப்படியே ஓட்டலாமா?

பழைய ஸ்பேனர்:

ஓட்டக்கூடாது. ஆறு சிலிண்டர் வண்டிக்கு முன்னால் ஒன்பது அங்குல டிரம், வி8-க்குப் பத்து. முன்சக்கரம் சுழலும் ஸ்பிண்டிலும் சிறியது, பின் ஆக்சிலும் சன்னம். இவ்வளவு வருடம் ஓடியது அந்தப் பெரியவரின் நிதானம். பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறைதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். வி8-ஐ வைத்துக்கொள்வதானால் ஐந்து போல்ட் ஸ்பிண்டில், முன்னால் டிஸ்க், பின்னால் எட்டு அங்குல ஆக்சில், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு 200 சிக்ஸ் (200 கன அங்குல, ஆறு சிலிண்டர் என்ஜின்) தேடிப் பிடித்து உள்ளே வையுங்கள். கிராங்க் தண்டைத் தாங்க ஏழு மெயின் பேரிங் உள்ள என்ஜின், லேசில் சாகாது. என்னுடையது இன்றும் அதுதான், சிக்னலில் யாரையும் முந்தாது.

65-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கன்வெர்டிபிள் செய்தார்கள், அதனால் ராக்கர், தளம், கவுல் எல்லாமே புதிதாகக் கிடைக்கும். ராக்கர் வாங்கும்போது கன்வெர்டிபிளுக்கான உள்ராக்கரா என்று கேட்டு வாங்குங்கள், கூரை வண்டியின் மெல்லிய தகட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். கூரைத் துணியைக் கடைசியில்தான் தொட வேண்டும். கதவும் கதவுக் கண்ணாடியும் இடத்தில் உட்கார்ந்த பிறகு போட்டால்தான் மழைக்குத் தாங்கும்.

பரமத்தி ரோடு:

புரிந்தது. நேற்று ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸாப்பில் வீடியோ போட்டு வண்டிக்கு அடியில் போனை நீட்டினேன். நாற்பது வருடம் லாரி கட்டியவர். முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாகக் காட்டச் சொன்னார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அப்புறம், "சேஸிஸ் எங்கடா? அதைக் கழற்றி வைத்துக்கொண்டு வித்துட்டாங்களா?" என்றார். தீப்பெட்டிக் கதையைச் சொன்னேன். அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

இந்த வாரம் குறுக்குக் குழாய் வெல்ட் செய்யப் போகிறேன். ஓர் அங்குலச் சதுரக் குழாய் கைவசம் இருக்கிறது. போதுமா?

பழைய ஸ்பேனர்:

ஒன்றரை வாங்குங்கள். கதவு சாத்த இடம் விட்டு உள்பக்கமாக வையுங்கள், வேலை நடக்கும்போது தினமும் சாத்திப் பார்க்க வேண்டியிருக்கும். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதே ஒட்டிவிடுங்கள், ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு வேண்டாம்.