ஊறுகாய் உறையும் சிமென்ட் சூளையும்

எட்டு ஆண்டுகளாக நகராட்சி ஒன்றின் குப்பைப் பிரிப்புக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மக்காத குப்பையைச் சலித்து, ஷ்ரெட்டரில் நறுக்கி, பொதியாக அழுத்திக் கட்டி, ஆர்.டி.எஃப். எனப்படும் குப்பை எரிபொருளாகச் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவது எங்கள் வேலை. ஓர் ஐப்பசி மாதத்தில் நாங்கள் அனுப்பிய லாரி, குளோரின் 1 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்ற ஆய்வுச் சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது.

பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின்தான் என்பதால் முதலில் அதைத்தான் சந்தேகித்தோம். குழாய்த் துண்டுகள், பிய்ந்த ரெக்சின் பைகள், ஒயர் உறைகள், மேசை விரிப்புகள் என ஒரு வாரம் முழுவதும் கையால் பொறுக்கி நீக்கியும், குளோரின் நாங்கள் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. மீதி எங்கிருந்து வருகிறது என்பது, பிரிப்புப் பட்டையருகே நின்ற அக்கா ஒருவர் ஊறுகாய் உறையொன்றைக் கிழித்து என் கையில் வைத்தபோதுதான் விளங்கியது. உள்ளே எண்ணெயோடு உப்பு அப்பிக் கிடந்தது. சாம்பார் கட்டிய பார்சல் உறைகளும் கருவாட்டுப் பைகளும் அப்படித்தான் இருந்தன. சமையல் உப்பும் குளோரைடுதானே! சூளையின் வெப்பத்தில் ஆவியாகும் சோடியம், பொட்டாசியம் குளோரைடுகள், வெப்பம் குறைந்த, மூலப்பொருளை முன்சூடேற்றும் கோபுரத்தில் படிந்து வழியை அடைத்துவிடும் என்பதால், ஆலைக்காரர்கள் கறாராக இருப்பதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மழைக்காலத்தில் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. ஈரமான கேரி பையில் ஒட்டிய மண், சல்லடை எவ்வளவு சுழன்றாலும் உதிராது. எடையும் சாம்பலும் கூடி, எரிக்கும்போது கிடைக்கும் வெப்பம் குறையும். இப்போது கூரைக்கடியில் இரண்டு நாள் உலர்த்திய பிறகே சலிக்கிறோம். ஷ்ரெட்டர் தண்டில் புடவைத் துணி சுற்றிக்கொள்ளும் கதையைத் தனியே எழுத வேண்டும்.

இதைப் படித்த ஒருவர் எழுதிய மறுமொழி: ஐயாவின் ஊறுகாய் உறைக் கதையைப் படித்ததும் எங்கள் எலுமிச்சை நினைவுக்கு வந்தது. எங்கள் குடியிருப்பில் சமையற்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன் ஒன்று உள்ளது. ஒரு வீட்டுக் கல்யாணத்தின்போது பிழிந்த எலுமிச்சைத் தோல் இரண்டு வாளி அதற்குள் போய்விட, சில நாள்களில் கரைசல் புளித்து, அடுப்பு எரிவது நின்றுவிட்டது. அந்தத் தோலிலுள்ள எண்ணெய், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை முடக்கிவிடுமாம். கழிவிடுவதை நிறுத்தி, சாணம் கரைத்து ஊற்றி, மூன்று வாரம் காத்திருந்தோம். முட்டை ஓடு, தேங்காய் நார், எலுமிச்சைத் தோல் போடக் கூடாது என்று வாளி மூடியில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம். முதல் இரண்டும் நின்றுவிட்டன, எலுமிச்சை மட்டும் இன்னும் வருகிறது.