சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பால்நிலை ஆய்வு: வழியில் மறிக்கும் கேள்விகள் (இணைய மன்றத்தில் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மேசைவிளக்கு:

இந்தத் துறைக்குள் வருகிறவரை மறிக்கும் ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறுவதில்லை. நிருபர், தேர்வுக்குழு உறுப்பினர், ரசிகர், கட்டுரை நடுவர், முதலாண்டு மாணவர் என்று ஆளுக்கொன்று கையில் வைத்திருப்பார்கள். இங்கே சொந்தக் கதை வேண்டாம். யார் என்ன கேட்பார்கள், எந்தப் பதில் நிற்கும், எது காலை வாரும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

நிருபரில் தொடங்குகிறேன். அவர் கேட்பது ஒன்றுதான்: "பேட்மேன் தன்பாலீர்ப்பாளரா?" ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அதுவே தலைப்பாகிவிடும். இந்தக் கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லத் தொடங்குவதுதான் தப்பிக்கும் வழி. 1954-ல் மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம், பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது தன்பாலீர்ப்புள்ள இருவரின் ஆசைக்கனவு போன்றது என்று எழுதினார். அவருடைய தாள்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் 2010-ல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்தன. அவற்றைப் படித்த ஆய்வாளர் கேரல் டில்லி 2012-ல் போட்டு உடைத்தார். இரண்டு இளைஞர்கள் தனித்தனியே சொன்னதை வெர்தாம் ஒருவர் வாயில் போட்டிருந்தார். தங்களை அதிகம் ஈர்த்தவர்கள் டார்ஜானும் சப்-மரைனரும்தான் என்று அவர்கள் சொன்னதையும் விட்டுவிட்டார். ஆகவே 1950-களின் வாசகர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்கு வெர்தாமை மட்டும் சான்றாகக் காட்டினால் இன்று எந்த நடுவரும் விடமாட்டார்.

இதே கதையின் மறுபக்கம்: "இந்தக் குற்றச்சாட்டை மறுக்கத்தான் 1956-ல் பேட்வுமனைக் கொண்டுவந்தார்கள்" என்ற வரி பாதி ஆய்வேடுகளில் இருக்கிறது. டிடெக்டிவ் காமிக்ஸ் 233-ல் அவள் வந்தது உண்மை. ஆனால் வெர்தாமுக்கு இரண்டு வருடம் கழித்து வந்தாள் என்பது மட்டும் அதுதான் காரணம் என்று காட்டாது. "என்று வாசிக்கலாம்" என்று எழுதுங்கள், "அதனால்தான்" என்று எழுதாதீர்கள்.

அட்டைத்தேதி:

தேதி என்றதும் கை பரபரக்கிறது. அட்டையில் அச்சிட்ட மாதம் இதழ் கடைக்கு வந்த மாதம் இல்லை. பொதுவாக இரண்டு மூன்று மாதம் முன்தள்ளிப் போட்டிருப்பார்கள், பழைய சரக்கு என்று கடைக்காரர் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக. வொண்டர் வுமன் முதலில் தோன்றிய ஆல் ஸ்டார் காமிக்ஸ் 8-ல் இருப்பது 1941 டிசம்பர், 1942 ஜனவரி. பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பர் 7. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "போர் பிறப்பித்த பெண் வீரர்" என்று ஒரு பத்தி எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த இதழ் கடைக்கு வந்தது அக்டோபரில். கதை அதற்கும் பல வாரங்கள் முன்பே எழுதி வரைந்து முடிந்திருக்கும். ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த போர் கதையில் இருக்கிறது என்று சொல்லலாம். பேர்ல் ஹார்பர் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு இதழுக்கும் இரண்டு தேதியும் எழுதுங்கள். தொடரின் பெயர், தொகுதி, இதழ் எண், அட்டைத் தேதி, விற்பனைத் தேதி, கதையின் பக்கம், கட்டம். பக்க எண்ணில் ஒரு குழி இருக்கிறது: பழைய இதழ்களில் விளம்பரப் பக்கங்களைச் சிலர் எண்ணுவார்கள், சிலர் எண்ணமாட்டார்கள். எது உங்கள் முறை என்று முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிட்டால் பிறகு வம்பில்லை.

நாலுநிறம்:

மேலே சொன்னதோடு இதையும் முடிந்து வையுங்கள்: எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்? உடை, உடல், தோல் பற்றி வாதம் செய்கிற ஆய்வில் இது உயிர்நாடி.

பழைய அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் நான்கு அளவுகளில் வரும்: இல்லை, 25, 50, 100 விழுக்காடு. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64. வெள்ளையும் அதில் அடக்கம். கறுப்பு தனித் தகடு. ஆடைக்கும் தோலுக்கும் நடுவே நுணுக்கமான நிழல் போட இடமே கிடையாது. அந்தக் கதையே கணினி வண்ணத்தோடு தொகுப்பாக மறுபடி வரும்போது தசைக்கு மினுமினுப்பும் மார்புக்கு நிழலும் ஏறிவிடும். அதைப் பார்த்து "1970-களின் ஓவியர் பெண்ணுடலை இப்படிப் பளபளக்க வைத்தார்" என்று எழுதினால், குற்றவாளி வேறொருவர், தண்டனை பெறுபவர் வேறொருவர்.

தொகுப்புகளில் பெரும்பாலும் விளம்பரமும் வாசகர் கடிதமும் காணாமல் போய்விடும். பால்நிலை ஆய்வுக்கு இவை இரண்டும் கதை அளவுக்கே வேண்டியவை: உடற்பயிற்சி விளம்பரம் யாரை நோக்கிப் பேசுகிறது, கடிதப் பகுதியில் பெண் பெயர்கள் எத்தனை, ஆசிரியர் அவர்களுக்கு எந்தத் தொனியில் பதில் சொல்கிறார். கைபேசியில் கட்டம் கட்டமாக நகரும் வசதியும் ஆபத்து. முழுப்பக்கத்துக்கும் ஒரே படமாக வரும் ஸ்பிளாஷில் ஒருத்தி எவ்வளவு இடம் பிடிக்கிறாள் என்பதே தெரியாமல் போகும்.

அசல் இதழைப் பார்க்க மிச்சிகன் ஸ்டேட் பல்கலையின் காமிக்ஸ் சேகரிப்பு, ஓஹையோ ஸ்டேட்டின் பில்லி அயர்லாந்து நூலகம் இரண்டும் முதல் தேர்வு. எக்ஸ்-மென் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்டின் தாள்கள் கொலம்பியா பல்கலையில். போகுமுன் பெட்டி எண்களைப் பட்டியலில் பார்த்து முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில பெட்டிகள் வெளிக் கிடங்கில் இருக்கும், அன்றே கேட்டால் அன்றே வராது.

குமிழி:

நடுவர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "இதழில் இல்லாததை நீங்களே ஏற்றிப் படிக்கிறீர்கள்" என்பார். இதற்கு இரண்டு சான்று வேண்டும்: சொல்லத் தடை இருந்தது என்பது ஒன்று, தடையைச் சுற்றி யாரோ வழி தேடினார்கள் என்பது இன்னொன்று.

முதலாவது எளிது. 1954-ன் காமிக்ஸ் கோட் (அமெரிக்கப் பதிப்பகங்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட தணிக்கை விதித்தொகுப்பு) விதிகளில் "பாலியல் திரிபோ அதைக் குறிப்பால் உணர்த்துவதோ கண்டிப்பாகத் தடை" என்ற வரி இருக்கிறது. பெண்களை உடலுறுப்பு மிகைப்படுத்தாமல் இயல்பாக வரைய வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில்தான். (இரண்டாவது விதியை எவ்வளவு பேர் மதித்தார்கள் என்று அந்தக் கால அட்டைகளே சொல்லும்.) 1971-ல் ஒரு திருத்தம், 1989-ல் இன்னொன்று. பிந்தையதில்தான் வெவ்வேறு பாலியல் நாட்டமுள்ளவர்களை உணர்ந்து சித்தரிக்கச் சொல்லும் தொனி வருகிறது. பெரிய பதிப்பகங்களான மார்வெல் 2001-லும் டிசி 2011-லும் அந்த விதித்தொகுப்பைக் கைவிட்டன.

ஆனால் "அப்போது கோட் இருந்தது" என்று மொத்தமாகச் சொல்லித் தப்ப முடியாது. 1980-களில் காமிக்ஸ் கடைகளில் மட்டும் விற்ற இதழ்களுக்குக் கோட்டின் ஒப்புதல் முத்திரை தேவைப்படவில்லை. 1984-ல் ஸ்வாம்ப் திங் 29 முத்திரை இல்லாமலே வந்தது. அட்டையில் தபால்தலை மாதிரி அந்த முத்திரை இருக்கிறதா என்று இதழ் இதழாகப் பாருங்கள். இல்லையென்றால், மௌனத்துக்குக் காரணம் கோட் அல்ல, பதிப்பகத்தின் உள்வீட்டு முடிவு. அது வேறு வாதம், அதற்கு வேறு சான்று.

இரண்டாவது சான்றுக்கு, எக்ஸ்-மென் கதைகளின் பெண் பாத்திரங்களான மிஸ்டிக், டெஸ்டினி ஜோடியைப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1990-ல் அன்கேனி எக்ஸ்-மென் 265-ல் ஷேடோ கிங் என்ற வில்லன், டெஸ்டினியை மிஸ்டிக்கின் "லெமன்" (leman) என்கிறான். எழுதியவர் கிளேர்மான்ட். இது வழக்கொழிந்த ஆங்கிலச் சொல், காதலர் என்று பொருள். தமிழில் ஒருவர் "கேள்வன்" என்று எழுதினால் சங்கப்பாடல் படித்தவருக்கு மட்டும் சட்டென்று பிடிபடுமே, அதே கணக்கு. பேச்சுக் குமிழியில் ஒரே ஒரு சொல். அகராதியைத் திறந்தவருக்கு உறவு தெரியும், திறக்காதவருக்கு அது வில்லன் பேசும் ஏதோ பழைய பாஷை. உங்கள் கட்டுரையில் இந்தக் கட்டத்தைக் காட்டி, யார் வாயில் அந்தச் சொல் வருகிறது என்றும் சொல்லுங்கள். காதலை முதலில் பெயர் சொல்லி அழைப்பது அவர்களில் ஒருவரும் இல்லை, எதிரி. அதுவும் ஒரு தரவுதான்.

நார்த்ஸ்டார் என்ற மார்வெல் வீரன் விஷயத்தில் பலர் சறுக்குவது வேறிடத்தில். 1979-ல் எக்ஸ்-மென் 120-ல் அறிமுகம், 1992-ல் ஆல்பா ஃபிளைட் 106-ல் தான் தன்பாலீர்ப்பாளன் என்று சொல்கிறான். நடுவில் 13 வருடம். "ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நினைத்தேன்" என்று அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பர்ன் சொன்னது பிற்கால நேர்காணல். அதை நேர்காணல் நடந்த வருடத்துச் சான்றாகப் பதியுங்கள், 1979-க்குப் பின்தேதியிடாதீர்கள். 1979-ஐ நிறுவ அந்தக் காலத்துக் கதைச்சுருக்கமோ கடிதமோ வேண்டும், அல்லது அந்தந்த இதழின் கட்டங்களே பேச வேண்டும்.

ஆல்பா ஃபிளைட் 106-ஐக் கதைச்சுருக்கமாக எழுதி விட்டுவிடுவதும் வழக்கமான பிழை. சண்டைக்கு நடுவே, எய்ட்ஸ் பாதித்த குழந்தையை முன்வைத்து, மகனை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த இன்னொரு வீரனை எதிர்த்து நின்று நார்த்ஸ்டார் அதைச் சொல்கிறான். அறிவிப்பும் நோயும் குத்தும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த மூச்சு எந்தக் கட்டத்தில் உடைகிறது, பக்கம் எங்கே திரும்புகிறது என்று பார்க்காத கட்டுரை, காமிக்ஸைப் பற்றிய கட்டுரை ஆகாது. காமிக்ஸ் பக்கத்து நடுவர் அதைத்தான் கேட்பார்.

பழையவாசகர்:

மாநாட்டில் ரசிகர் கேட்பது: "எந்தக் கன்டினியுட்டி?" (எந்தக் கதைத்தொடர்ச்சி என்று பொருள்.) கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956-ன் பேட்வுமனும் 2006-ல் தன்பாலீர்ப்பாளராக மறுஅறிமுகமான பேட்வுமனும் பெயரளவில் ஒன்று, கதையளவில் வேறு. இதழ் எண்ணோடு பதில் சொன்னால் அவர் பெட்டி பெட்டியாக உதவுவார். விக்கி பார்த்துச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எண்ணிப்பார்:

எண்ணிக்கை ஆய்வு செய்பவர்களுக்கு. பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெயில் சிமோன் 1999-ல் இணையத்தில் தொகுத்த "விமன் இன் ரெஃப்ரிஜிரேட்டர்ஸ்" பட்டியல் (1994-ன் கிரீன் லான்டர்ன் 54-ல் கதாநாயகனின் காதலியைக் கொன்று குளிர்பெட்டியில் திணித்த காட்சியிலிருந்து வந்த பெயர்) துறைக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது. அது புள்ளிவிவரம் அல்ல. அதில் வகுஎண் இல்லை: மொத்தம் எத்தனை பெண்கள், ஆண்களுக்கு என்ன நேர்ந்தது, செத்தவர்களில் யார் திரும்பி வந்தார்கள். அந்த மூன்றையும் எண்ணத் தயாராக இல்லாதவர் விழுக்காடு எழுதக் கூடாது.

வேலை அளவு: இதழுக்கு 22 பக்கம், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். ஓர் இதழுக்கு 110 முதல் 132 கட்டம், 12 இதழுக்குச் சுமார் 1,300 முதல் 1,600. இதை ஒருவரே குறியிட்டால் (ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று அட்டவணையில் பதிந்தால்) யாரும் ஏற்கமாட்டார்கள். இரண்டாமவர் ஒரு பகுதியையாவது தனியாகக் குறியிட்டு ஒப்பிட வேண்டும். இருவர் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா 0.8-க்கு மேல் இருந்தால் நம்பலாம். 0.667-க்குக் கீழே போனால் அட்டவணையில் அந்தக் கேள்விக்கான நிரலைத் தூக்கிவிடுங்கள்.

எது கீழே போகும் தெரியுமா? "பாலியல்படுத்தப்பட்டது: ஆம்/இல்லை" என்ற நிரல். இருவர் இரு விதமாகப் பார்ப்பார்கள். அதை உடையுங்கள்: உடல் எவ்வளவு மூடியிருக்கிறது, ஒரே நேரத்தில் மார்பும் பின்புறமும் தெரியும்படி முதுகு முறுக்கியிருக்கிறதா, கட்டத்தின் விளிம்பு முகத்தை வெட்டி உடலை மட்டும் விட்டிருக்கிறதா. மூன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. கூடவே குமிழியில் உள்ள சொற்களின் எண்ணிக்கை, செயலைச் செய்பவரா செய்யப்படுபவரா என்ற நிரல். ஆண் பாத்திரங்களுக்கும் இதே அட்டவணையைப் போடாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மேசைவிளக்கு:

எண்ணிப்பார் சொன்னதற்கு ஓர் எதிர்ச்சொல்: அவெஞ்சர்ஸ் 200 (1980) எந்த அட்டவணையிலும் மோசமாக வராது. கேரல் டான்வர்ஸ் என்ற வீராங்கனைக்கு நேர்ந்ததை எந்தக் கட்டமும் வன்முறையாகக் காட்டாது. ஆனால் மார்கஸ் என்பவன் இயந்திரத்தின் உதவியோடு அவள் மனத்தை வளைத்து உறவு கொண்டதைத் தானே சொல்ல, தோழர்கள் அவளை வாழ்த்தி அவனோடு அனுப்புகிறார்கள். கேரல் ஸ்டிரிக்லேண்ட் என்ற வாசகர் இதை வன்புணர்வு என்று பெயரிட்டே எழுதினார். 1981-ன் அவெஞ்சர்ஸ் ஆண்டிதழ் 10-ல் கிளேர்மான்ட், கேரலையே அவர்கள் முன் நிறுத்திக் கேட்க வைத்தார். எண்ணிக்கையும் நுண்வாசிப்பும் சேர்ந்தே போக வேண்டும்.

அவெஞ்சர்ஸ் 200-ல் கதைக்கு நான்கு பேர் பெயர் போட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். "எழுத்தாளரின் பெண் வெறுப்பு" என்று ஒருமையில் எழுத முடியாது. மார்வெல் முறையில் முதலில் கதைச்சுருக்கம், பிறகு ஓவியம், கடைசியில்தான் வசனம். படத்தில் அவள் முகம் சொல்வதும் குமிழியில் அவள் பேசுவதும் முரண்பட்டால், அது இரண்டு பேருக்கு இடையிலான சண்டையாகவும் இருக்கலாம்.

முகவரிஇல்லை:

கடிதப் பகுதி பற்றி நாலுநிறம் சொன்னார். எச்சரிக்கை: பழைய இதழ்களில் வாசகரின் முழு முகவரி அச்சாகியிருக்கும். அவர்களில் பலர் அப்போது சிறுவர்கள். பெயரை எடுத்துவிட்டு இதழ் எண்ணை மட்டும் தாருங்கள். இன்றைய ரசிகர் பதிவை அப்படியே மேற்கோள் காட்டினால் தேடுபொறியில் போட்டவுடன் ஆள் கிடைத்துவிடுவார். வீட்டில் சொல்லாத ஒருவரை நீங்கள் காட்டிக்கொடுத்ததாகிவிடும். கருத்தை உங்கள் நடையில் மாற்றி எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் கூடுதல் மாதங்கள் ஒதுக்குங்கள்.

ஆறாம்ஆண்டு:

வேலை விஷயம். அமெரிக்கப் பல்கலைகளில் "காமிக்ஸ் ஆய்வு" என்றே விளம்பரம் வருவது அபூர்வம். ஆங்கிலம், ஊடகம், பெண்ணியத் துறை என்றுதான் இடம் இருக்கும். நேர்காணலில் "வேறென்ன கற்பிப்பீர்கள்?" என்பது தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. இரண்டு பாடத்திட்டம் தயாராக இருக்கட்டும்: இருபதாம் நூற்றாண்டு இலக்கிய அறிமுகம் ஒன்று, பால்நிலை ஆய்வு அறிமுகம் ஒன்று. காமிக்ஸ் பாடம் மூன்றாவதாக. முதலில் அதை நீட்டினால் குழு "சின்னத் துறை" என்று மூடிவிடும்.

ஆய்வு உரைக்கு 45 நிமிடம் என்றால் 30 படம் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு பக்கத்தைத் திரையில் நிறுத்தி மூன்று நிமிடம் படித்துக் காட்டுங்கள். காமிக்ஸே படிக்காத பேராசிரியர் அங்கேதான் உங்கள் பக்கம் சாய்வார்.

புத்தகத்துக்குப் படங்கள்: அமெரிக்கச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, நான்கு அளவுகோல்களோடு. ஆனாலும் சில பல்கலை அச்சகங்கள் எழுத்து அனுமதி கேட்கும். பாலியல் பொருளில் உரிமையாளர்கள் கெடுபிடி காட்டியதும் உண்டு: பேட்மேனும் ராபினும் நெருக்கமாக இருக்கும் நீர்வண்ண ஓவியங்களுக்காக 2005-ல் நியூயார்க் கலைக்கூடம் ஒன்றுக்கு டிசி சட்ட அறிவிப்பு அனுப்பியது. ஆகவே வாதம் செய்யும் கட்டத்தை மட்டும் எடுங்கள், அலங்காரத்துக்கு ஒன்றும் வேண்டாம். வண்ணப்படம் 300 டிபிஐ, கோட்டோவியம் 600-க்குக் குறையாமல். படத்தின் விளக்கவரியில் தொடர், இதழ், வருடம், பக்கம், எழுதியவர், வரைந்தவர், மையிட்டவர், வண்ணமிட்டவர். மறுபதிப்பிலிருந்து எடுத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். கையெழுத்துப்படியை அனுப்பிய பிறகு இதைத் தொடங்கினால் புத்தகம் நின்றுவிடும். பணி நிரந்தரக் கோப்பு ஆறாம் வருடத்தில் போகிறது, அச்சகத்தின் நாட்காட்டி அதற்காகக் காத்திருக்காது.

அட்டைத்தேதி:

படத்தின் விளக்கவரியில் விற்பனைத் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.