லாரி முன்சக்கரத்துக்கு எந்த பேலன்சிங்: ஈயக்கட்டியா, மணியா, வளையமா?

கேள்வி: கோத்தகிரி லாரி உரிமையாளர்

வணக்கம். கோத்தகிரியிலிருந்து தேயிலைத் தூள் மூட்டைகளைக் கோவைக்கு இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமோ அரிசியோ ஏற்றி வரும் ஆறு சக்கர லாரி ஒன்றை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் முன்பக்கம் இரண்டுக்கும் 10.00 R20 அளவில், ட்யூப் போடும் புதிய ரேடியல் டயர்கள் மாற்றினேன். மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி எந்தக் குறையும் காட்டுவதில்லை. மேட்டுப்பாளையம் தாண்டிக் காரமடைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தை நெருங்கியதும் ஸ்டியரிங் உதறத் தொடங்குகிறது. 70-ஐத் தொட்டால் டாஷ்போர்டில் வைத்த தண்ணீர் பாட்டில் நகர்ந்து வந்து டிரைவரின் மடியில் விழுகிறது.

டயர் வாங்கிய இடத்தில், சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி செய்ய, அதாவது பேலன்சிங் செய்ய, மூன்று வழிகள் சொன்னார்கள். இயந்திரத்தில் சுழற்றி ஈயக்கட்டி அடிப்பது ஒன்று; டயருக்குள் சிறு மணிகளைப் போட்டுவிடுவது மற்றொன்று; டிஸ்க்குக்கு (போல்ட் ஓட்டைகள் உள்ள சக்கரத் தட்டு) பின்னால் குண்டுகள் அடைத்த வளையத்தைப் பொருத்துவது மூன்றாவது. மலையும் சமவெளியுமாக ஓடும் வண்டிக்கு இவற்றில் எது பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: குன்னூர் பட்டறைக்காரர்

ஐயா, எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால், இது பேலன்சிங் குறைதானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். புது டயர் போட்ட உடனே வந்த உதறல் என்பதால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது டயர் ரிம்மில் உட்கார்ந்த விதத்தின் மேல்தான். டயரின் பக்கச்சுவரில், ரிம் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மெல்லிய வரி இருக்கும். அந்த வரிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நகம் நுழைகிறது, எதிர்ப்பக்கத்தில் விரலே நுழைகிறது என்றால், எத்தனை ஈயக்கட்டி அடித்தாலும் உதறல் போகாது. காற்றை முழுவதும் இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி பொருத்தித்தான் ஆக வேண்டும். (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையமான லாக் ரிங் உள்ள சக்கரத்தைக் காற்றோடு சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் பார்க்கும் பையன்களை இன்றும் பார்க்கிறேன். ரிங் தெறித்தால் உயிர் போகும். எவ்வளவு அவசரமானாலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.)

அடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துக் கிங்பின்னிலும் (ஸ்டியரிங் திருப்பும்போது முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) பேரிங்கிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டயர்ப் பட்டனுக்கு (சாலையில் படும் பகுதி) அருகே ஒரு கம்பியை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால், கம்பிக்கும் டயருக்கும் இடையே உள்ள சந்து விரிந்து சுருங்குவது கண்ணுக்கே தெரியும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது கோணல், எடைக்குறை அல்ல. அது சரியாக இருந்தால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தானாக நிற்க விடுங்கள். அடியில் வந்து நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டு, மறுபடி மறுபடி சுற்றிப் பாருங்கள். நான்கைந்து முறையும் சாக்குக்கட்டி அடையாளம் ஒரே இடத்தில், அடியில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். இவ்வளவும் தெரிந்த பிறகு இயந்திரத்துக்குப் போகலாம்.

மணிகளை ட்யூப் டயருக்கு நான் போடமாட்டேன். பஞ்சர் ஒட்ட ட்யூபை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கட்டிக் காக்க யாரால் முடியும்? வளையம் நல்ல பொருள்தான். ஹப் (சக்கரம் பூட்டும் குடம்), பிரேக் டிரம், டயர் மூன்றின் குறையையும் சேர்த்துச் சமன் செய்யும், டயர் மாற்றினாலும் வண்டியிலேயே இருக்கும். ஆனால் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே அது நுழைவதால், நட்டு முழு மரையும் பிடிக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

உங்கள் வண்டிக்கு இயந்திரமும், கவ்வும் வகை ஈயக்கட்டியும் போதும். ஒட்டும் வகை வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை பிரேக் பிடித்தே இறங்கும் வண்டியில் டிரம் சூடு ரிம்முக்கு ஏறி, பசை இளகி, கட்டி வழியிலேயே கழன்று விழும். கழற்றுவதற்கு முன் ஒரு போல்ட்டிலும் அதற்கு நேரான டிஸ்க் ஓட்டையிலும் பெயின்ட் அடையாளம் வைத்து, அதே நிலையில் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். பின்சக்கரங்களுக்கு இப்போதைக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

பதில் 2: ஊட்டியிலிருந்து ஓர் ஆசிரியர்

மலையில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ரிம் விளிம்பில் 200 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த அளவு டயரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 1.3 கிலோ எடைக்குச் சமம், 60-இல் 5.3 கிலோ, 80-இல் 9.5 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. 80-இல் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 400 முறை சுற்றுவதால், அந்த இழுப்பு அத்தனை முறை ஸ்டியரிங்குக்கு வந்து சேருகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் 15, 20 என்று போகும் வண்டிக்கு இது உறைப்பதே இல்லை.

பதில் 3: கூடலூர் வண்டிக்காரர்

என் ட்யூப்லெஸ் வண்டியில் மணிகள் போட்டு ஓராண்டு ஓட்டினேன். மைசூர் நெடுஞ்சாலையில் சொகுசாகத்தான் ஓடியது. மழைக்காலத்தில், கம்ப்ரஸர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடாத ஒரு கடையில் காற்றுப் பிடித்தேன். அடுத்த முறை டயரைக் கழற்றியபோது மணிகள் உப்புக்கட்டி போல ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தன. மூடுபனி ஊரில் இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். வால்வில் வடிகட்டியுள்ள ஊசி போடாவிட்டால் மணி அங்கேயும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து

அனைவருக்கும் நன்றி. குன்னூர் ஐயா சொன்ன வரியைப் பார்த்தேன். இடது சக்கரத்தில் ஒரு பக்கம் வரி ரிம்முக்குள்ளேயே மறைந்து, எதிர்ப்பக்கம் அரை அங்குலம் வெளியே தெரிந்தது. இறக்கி மறுபடி ஏற்றியதிலேயே முக்கால் பங்கு உதறல் போய்விட்டது. பிறகு மேட்டுப்பாளையத்தில் இயந்திரத்தில் வைத்தபோது இடப்பக்கம் 150 கிராமும் வலப்பக்கம் 90 கிராமும் கேட்டது. கவ்வும் கட்டியே அடித்தார்கள். முந்தாநாள் முழு லோடோடு 70-இல் போனோம். பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. மணியும் வளையமும் வாங்கவில்லை.